நன்னாரி வாசம் எங்க போகுது?

[காட்சி: செம்மண் ஒட்டின மெல்லிய கறுத்த வேர். நகம் அதன் தோலைச் சுரண்டுகிறது.]

இதை ஒருக்கா மணந்து பாருங்கோ. வனிலா ஐஸ்கிறீமோட காய்ஞ்ச மண் கலந்தமாதிரி இருக்கும். நெடுங்கேணிப் பக்கம் பத்தைக்குள்ள படர்ந்து கிடக்கிற நன்னாரிதான். இலை நடுவால வெள்ளைக் கோடு, ஒடிச்சால் பால்.

வனிலா எண்டு சும்மா சொல்லேல்ல.

[காட்சி: கரும்பலகையில் இரண்டு அறுகோணங்கள்.]

வனிலாவில மணக்கிறது வனிலின். நன்னாரியில மணக்கிறது 2-ஐதரொட்சி-4-மெதொட்சிபென்சல்டிகைட்டு. பேர்தான் நீட்டு. ரெண்டிலயும் 8 காபன், 8 ஐதரசன், 3 ஒட்சிசன். உயர்தரத்தில படிச்ச சமபகுதியம் இதுதான்: அணுக்கள் அதே, அடுக்கு வேற.

வித்தியாசம் இருக்கிற இடத்தில. வனிலினில ஐதரொட்சில் கூட்டம் (OH) அல்டிகைட்டுக்கு (CHO) எதிர்ப்பக்கம். வெளியில தண்ணியோட கை கோர்க்கும். நன்னாரியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, தங்களுக்குள்ளயே கை பிடிச்சிடும். பிறகு தண்ணி எப்பிடிப் பிடிச்சு வைக்கிறது? ஆவியோட எழும்பிப் போயிடும். வனிலின் உருக 80 பாகைக்கு மேல வேணும். இதுக்கு 40ஐக் கொஞ்சம் தாண்டினால் போதும், வவுனியா வெயில் இன்னும் சில பாகை ஏறவேணும், அவ்வளவுதான்!

மருந்துக்கு வருவம். சித்த வைத்தியத்தில உடல்சூடு, நீர்க்கடுப்பு, தோல் வருத்தம் எல்லாத்துக்கும் நன்னாரி இருக்கு. இந்த வாசப்பொருள் சில பற்றீரியாக்களை அடக்கிறதையும், தோலுக்கு நிறம் குடுக்கிற தைரோசினேஸ் நொதியத்தைத் தடுக்கிறதையும் ஆய்வுகூடத்தில பார்த்திருக்கினம். உடன அரைச்சு முகத்தில அப்பாதேங்கோ, அது சோதனைக் குழாய்க்குள்ள நடந்த கதை. காய்ச்சலோட நீர்க்கடுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. வேரில ஆவியாகாத சபோனின் (தண்ணியில நுரைக்கிற பொருள்) போன்றதுகளும் இருக்கு. குணம் முழுக்க வாசத்தில எண்டு நினைக்கக் கூடாது.

[காட்சி: குசினி. திறந்த சட்டியில் கொதிக்கும் வேர்.]

முதல்தரம் நான் இப்பிடித்தான் அரை மணித்தியாலம் அவிச்சன். குசினி முழுக்க மணம், கோப்பைக்குள்ள வெறும் துவர்ப்பு. அம்மம்மா சிரிச்சா: "மூடாமல் அவிச்சால் வாசத்தைக் காகம்தான் குடிக்கும், மோனை."

அவ செய்யிறதைப் பாருங்கோ. வேரைத் தட்டி நடு நாரை எறிவா, வாசம் தோலிலதான். கொதிச்ச தண்ணியை மேல ஊத்தி, தட்டால மூடி, பத்து நிமிசம்.

[காட்சி: தட்டின் அடியில் நீர்த்துளிகள், மிக அருகில்.]

திறக்கேக்க, தட்டில படிஞ்ச துளியைக் கோப்பைக்குள்ளயே தட்டிவிடுவா.