நெட்டையர்களின் கால்கள்

வணக்கம், நேயர்களே.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கொடுத்திருப்பதோ சில நிமிடங்கள். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வளையத்துக்கு அடியில் நிற்கிறார்களே அந்த நெட்டையர்கள், ஆறடி ஒன்பது அங்குலம், ஏழடி என்று, சென்டர் ஆடுபவர்கள், அவர்களைப் பற்றி. அவர்கள் மைதானத்துக்குள் வந்தால் எல்லோர் கண்ணும் தலைக்குத்தான் போகும். நான் காலைப் பாருங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. ஏழடி ஆள் கையைத் தூக்கினாலே ஒன்பதடிக்கு மேல் எட்டிவிடும். அப்படியிருக்க அவர் ஏன் எம்ப வேண்டும், ஏன் ஓட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எதிரணியிலும் ஒரு நெட்டையர் இருக்கிறாரே! அது மட்டுமல்ல, பந்து சும்மா காத்துக்கொண்டு நிற்பதில்லை. வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே முதலில் போய்ச் சேரும் கைக்குத்தான் பந்து.

இப்போது வீட்டில் இருக்கும் இளைஞர்கள் ஒரு காரியம் செய்து பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். சுவரில் எட்டும் அளவுக்கு மேலே ஒரு இடத்தைக் குறி வைத்து, நான்கு காலடி ஓடிவந்து எம்பித் தொடுங்கள். அப்புறம் நின்ற இடத்திலிருந்தே எம்புங்கள். கொஞ்சம் குறையும். மூன்றாவதாக, எம்பி இறங்கிய அந்தக் கணமே, மறுபடி குந்தாமல், உடனே எம்பிப் பாருங்கள். அதே உயரம் வருகிறதா? பெரும்பாலோருக்கு வராது. வளையத்துக்கு அடியில் பிழைப்பு நடப்பதெல்லாம் இந்த மூன்றாவது வகையில்தான். அங்கே ஓடிவர இடம் இல்லை. முதுகில் ஒருவன் இடித்துக்கொண்டிருப்பான், இடுப்பில் இன்னொருவன் முழங்கை இருக்கும். ஆட்டக்காரர்கள் இதை இரண்டாவது ஜம்ப் என்பார்கள். நான் இன்று சொல்ல வந்ததும் இந்த இரண்டாவது ஜம்ப்பைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். 60 சென்டிமீட்டர் எம்புகிறவர் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.7 நொடி. 90 சென்டிமீட்டர் எம்புகிறவர் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.86 நொடி. ஒன்றரை மடங்கு உயரம் எம்பியும், காற்றில் கூடுதலாகக் கிடைப்பது நொடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 90-ஐ எட்ட ஒருவர் ஆழமாகக் குந்தி, கையை வீசி, ஓரடி பின்வாங்கி எடுத்துக்கொண்டால், அதற்குள் அந்தக் கூடுதல் நேரமெல்லாம் தரையிலேயே செலவாகிவிடும். பக்கத்தில் 60 எம்புகிறவன் சட்டென்று போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். எவ்வளவு உயரம் என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் என்றும் கேட்க வேண்டும். ஸ்லாம் டங்க் போட்டிகளை, அதாவது மேலே எம்பிப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் திணிக்கும் போட்டிகளைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் பில் ரஸ்ஸலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950-களில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். ஓக்லாந்தில் வளர்ந்தவர். பள்ளியில் ஆடும்போது அவரைப் பெரிய கல்லூரிகள் ஏதும் சீந்தவில்லை. உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டது இந்த ஒரு கல்லூரிதான். உயரம் ஏறத்தாழ ஆறடி ஒன்பது, மெலிந்த தேகம், இடது கைக்காரர். எதிரில் வருபவர்களில் பெரும்பாலோர் வலது கையால் எறிபவர்கள். அதனால் இவருடைய இடது கை நேராகப் பந்துக்கு எதிரே போய் நிற்கும். சரி, உடம்பு வாய்த்துவிட்டது. கால்கள்தான் அதிசயம். அதே கல்லூரியின் தடகள அணியிலும் இருந்தார். 440 கஜ, அதாவது கால் மைல், ஓட்டத்தை 49.6 நொடியில் ஓடியிருக்கிறார். 1956-இல் உயரம் தாண்டுதலில் ஆறடி ஒன்பதேகால் அங்குலம் தாண்டினார். அந்த ஆண்டில்தான் உலகில் முதல்முறையாக ஒருவர், சார்லஸ் டூமாஸ், ஏழடி தாண்டினார். உலகத்தின் மிகச் சிறந்த தாண்டுவீரருக்கு மூன்று அங்குலம் குறைவாக, ஒரு கூடைப்பந்து சென்டர்! கால் மைல் ஓடும் வேகமும் உயரம் தாண்டும் எம்பலும் ஒரே உடம்பில் இருந்தன.

இப்போது கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்: நல்ல தடுப்பாட்டக்காரன் தரையை விட்டுக் காலை எடுக்கக் கூடாது. எம்பினால் ஏமாந்தாய். ரஸ்ஸலின் பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட்டும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர். பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு மோதிய முதல் பெரிய ஆட்டத்தில், எதிரணி சென்டர் எறிந்த பந்துகளை ரஸ்ஸல் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். ஆட்டம் நின்றபோது, இப்படியெல்லாம் தடுக்கக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்லி, எப்படி நிற்க வேண்டும் என்று காட்டினாராம். சொன்னபடி நின்று பார்த்தார். எதிராளி சுலபமாகக் கூடையில் போட்டுவிட்டுப் போனான். சரி, இது ஆகாது என்று ரஸ்ஸல் தன் வழிக்கே திரும்பிவிட்டார். இதை அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் எம்பியது முரட்டுத்தனத்தால் அல்ல. எதிராளியின் கையிலிருந்து பந்து கிளம்பிய பிறகு எம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும் வேகம் இருந்தது. அதனால் ஏமாறுவதில்லை. இன்னொன்று, தட்டிய பந்தைக் கூட்டத்துக்குள் வீசி எறிய மாட்டார். கோட்டுக்குள்ளேயே, தன் அணியினர் கையில் விழுகிற மாதிரி தட்டுவார். பந்தைத் தட்டிவிட்டு இறங்கிய அதே ஆள், எதிர்முனைக்கு முதல் ஆளாக ஓடிக்கொண்டிருப்பார். இதை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் விஷயம்: எம்பினார், இறங்கினார், ஓடினார், மூன்றுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

1955-இல் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். லா சால் அணியை 77-க்கு 63 என்று வென்றார்கள். ரஸ்ஸலுக்கு 25 ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறித்த பந்தை 25 தடவை பிடித்தார். அடுத்த பருவத்துக்குள் விதியை மாற்றினார்கள். வளையத்துக்கு முன்னால் தாக்கும் அணிக்காரர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி இருக்கிறது அல்லவா, அது அதுவரை ஆறடி அகலம். பன்னிரண்டு அடியாக்கினார்கள். ரஸ்ஸலை வளையத்திலிருந்து தள்ளி வைப்பதற்காக. என்ன ஆயிற்று? 1956-இல் 29 ஆட்டம், 29 வெற்றி. இறுதியில் ஐயோவாவுக்கு எதிராக 26 புள்ளி, 27 ரீபவுண்ட். வளையத்துக்கு இரண்டடிக்குள் நின்று பந்தை வாங்குகிற ஆளைத்தான் அகலமான பகுதி பாதிக்கும். ஆறடி தூரத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கிறவரை அது என்ன செய்யும்? சொல்லப்போனால் இடம் விரிந்தது வேகமுள்ளவருக்குத்தான் லாபம்.

நெட்டையர்களைக் கண்டு விதியை மாற்றுவது அங்கே பழைய வழக்கம். 1940-களில் ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லண்ட் என்று இரண்டு பேர் வளையத்துக்கு மேலேயே பந்தைத் தட்டிவிடுகிறார்கள் என்று, வளையத்தை நோக்கிக் கீழே இறங்கும் பந்தைத் தொடக் கூடாது என்ற விதி 1944-இல் வந்தது. 1967-இல் டங்க் அடிப்பதையே தடை செய்தார்கள். யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் லூ ஆல்சிண்டர், பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார், ஒரே ஒரு பருவம் ஆடி முடித்த கையோடு வந்த தடை அது. ஒன்பது பருவம் நீடித்தது. அவரும் யூ.சி.எல்.ஏ.வும் அதற்குப் பிறகும் இரண்டு பட்டம் வாங்கினார்கள்.

மைக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் டிபால் கல்லூரிக்கு வந்தபோது உயரம் இருந்தது, கால் வராது. கண்ணாடி போட்ட, தடுமாறி நடக்கிற பையன். ரே மேயர் என்ற இளம் பயிற்சியாளர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நிழல் குத்துச்சண்டை போட வைத்தார், நடனம் கற்றுக்கொள்ள அனுப்பினார். எல்லாம் காலுக்காக. வளையத்துக்கு அடியில் நின்று வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடும் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் டிரில் என்றுதான் பெயர். ஆட்டம் தொடங்குமுன் சீக்கிரம் போய் கீழ்வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கலாம். நல்ல சென்டர் பந்தைத் தாடைக்குக் கீழே இறக்கவே மாட்டார். குதிகால் தரையில் படாது. ஷூ கீச் கீச்சென்று ஒரே தாளத்தில் கேட்கும். வலையிலிருந்து பந்து கீழே விழுவதற்குள் பிடித்து, தண்ணீரில் அமுக்கிய தேங்காய் போல மறுபடி மேலே வந்துவிடுவார். சுமாரான ஆளுக்கு அந்தத் தாளம் ஏழெட்டு தடவைக்குப் பிறகு உடைந்துவிடும். குதிகால் தரையில் பொத்தென்று உட்காரும். நான் ஆட்டத்தில் யார் ரீபவுண்ட் எடுப்பார் என்று இதை வைத்தே சொல்லிவிடுவேன்.

எம்பல் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1983 இறுதி ஆட்டத்தைக் காட்டுவேன். ஹூஸ்டன் அணி. மேலே எம்பி எம்பி டங்க் அடித்தே எதிரணிகளை மிரட்டியவர்கள். சென்டர் லாகோஸிலிருந்து வந்த ஹக்கீம் ஒலாஜுவான், சிறுவயதில் கால்பந்திலும் ஹேண்ட்பாலிலும் பழகிய கால்கள். எதிரில் வட கரோலினா ஸ்டேட். 52-க்கு 52, கடைசி நொடிகள். தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தைக்கூட எட்டவில்லை. லொரென்சோ சார்ல்ஸ் அதை அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. அன்று மைதானத்தில் இருந்த மிகச் சிறந்த எம்பல்களில் ஒன்று ஒலாஜுவானுடையது. அந்த ஒரு கணத்தில் அவர் கால் தரையில் இருந்தது. சார்ல்ஸ் முதலில் கிளம்பிவிட்டார்.

இனி வேகம். இன்றைய ஆட்டத்தில் நெட்டையரின் தலைவலி பிக் அண்ட் ரோல். பந்தைக் கொண்டுவரும் குட்டையான, வேகமான கார்டு ஒருவன், தன் சென்டர் சுவர் மாதிரி நின்று போடும் மறிப்பை, ஸ்கிரீன் என்பார்கள், அதைச் சுற்றிக்கொண்டு வருவான். தடுக்கும் அணியின் நெட்டையர் முன்னே வந்து மறித்தால் அவரைத் தாண்டிப் போவான். பின்னே நின்றால் நின்ற இடத்திலிருந்தே எறிவான். மறித்துவிட்டுத் திரும்பித் தன் ஆளையும் பிடிக்க நாலைந்து எட்டு வேகமாக வைக்கத் தெரிய வேண்டும், அதுவும் பக்கவாட்டில், பின்பக்கமாக. மேலே எம்புவது இதற்கு ஒன்றும் உதவாது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, ஏழடி நான்கு அங்குலம். 2023, 2024 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் 2023 மார்ச்சில் கல்லூரிச் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றிலேயே ஃபேர்லீ டிக்கின்சன் என்ற சிறு கல்லூரி பர்டூவை 63-க்கு 58 என்று வீழ்த்தியது. அப்போது முதல் பிரிவில் ஆடிய 363 அணிகளில் மிகக் குட்டையான அணி அதுதான்! ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் பந்து போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று பேர் மொய்த்துக்கொண்டார்கள். ஆட்டம் ஓட்டமாக மாறியது.

நேர்மாறான உதாரணம் டியூக்கின் ஸயன் வில்லியம்சன். ஆறடி ஏழு, 285 பவுண்ட். 2019 பிப்ரவரியில் வர்ஜீனியாவுக்கு எதிராக வளையத்தருகே நின்றவர், மூலையில் மூன்று புள்ளிக் கோட்டில் இருந்து எறிந்த டி'ஆண்ட்ரே ஹண்டரின் பந்தை ஓடிப் பாய்ந்து தட்டிவிட்டார். காணொளி கிடைத்தால் அவர் கையைப் பார்க்காதீர்கள். முதல் மூன்று எட்டுகளைப் பாருங்கள்.

அப்படியென்றால் டிம் டங்கன் எப்படி என்று கேட்பீர்கள். வேக் ஃபாரஸ்ட்டில் நான்கு ஆண்டு ஆடியவர், பெரிய எம்பல்காரர் இல்லை, சிறுவயதில் நீச்சல்காரர். 1,570 ரீபவுண்ட். எம்பல் குறைந்தவருக்குக் கால் வைக்கும் இடம் பேசும். பந்து தெறிக்குமுன் அங்கே இருப்பார். அவருடைய அந்தக் கணக்கை 2011-இல் முந்தியவர் மோர்ஹெட் ஸ்டேட்டின் கென்னத் ஃபரீட், ஆறடி எட்டு, 1,673. அவர் இரண்டாவது ஜம்ப்பின் ராஜா. மூன்றாவது ஜம்ப்பும் உண்டு. அவரைப் பற்றித் தனியாகவே...

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார். முழங்காலைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரமாக வளர்கிற பிள்ளைகளைக் கடினமான சிமென்ட் தரையில் தினமும் நூற்றுக்கணக்கில் எம்ப வைக்காதீர்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் நொந்துபோகும், ஜம்பர்ஸ் நீ, அதாவது எம்புகிறவர் முழங்கால், என்பது அதுதான். கயிறு தாண்டட்டும், பக்கவாட்டில் ஓடட்டும், இறங்கும்போது சத்தமில்லாமல் இறங்கப் பழகட்டும். எம்பும் உயரத்தை அப்புறம் அளக்கலாம்.

நன்றி, வணக்கம்.