சட்டமா, இயக்கமா? – "இயக்கமே!" என்ற அணியில் நின்று பேசியது

நடுவர் அவர்களே, எதிரணியில் கையில் தீர்ப்பு நகல்களோடு அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, தாராவி, சயான், குர்லா, மாட்டுங்கா என்று எங்கெங்கிருந்தோ ரயில் பிடித்து வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

"இஸ்லாமியச் சமுதாய வாழ்வில் மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டமா, சீர்திருத்த இயக்கமா?" இதுதான் தலைப்பு. வழக்கறிஞர் அம்மா சட்டத்தின் பக்கம் நின்று பிரமாதமாகப் பேசினார். "ஹாஜி அலி தர்காவுக்குள் பெண்களை அனுப்பியது உயர் நீதிமன்றம். முத்தலாக்கை முடித்துவைத்தது உச்ச நீதிமன்றம். இயக்கங்கள் செய்ததெல்லாம் தெருவுக்கு இரண்டு பள்ளிவாசல் கட்டியதுதான்" என்றார். கைதட்டல் வாங்கினார். அந்தக் கடைசி வரிக்கு நானும் தட்டினேன். பொய் இல்லையே, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அவர் நீதிமன்றத்தில் தொடங்கியதால் நானும் அங்கேயே தொடங்குகிறேன். இதே மும்பை, வருஷம் 1847. கோஜா என்ற முஸ்லிம் வணிகச் சமுதாயத்துப் பெண் ஹீர்பாய், தன் தகப்பன் சொத்தில் குர்ஆன் மகளுக்குச் சொன்ன பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார். அப்போது பம்பாயில் தலைமை நீதிபதி சர் எர்ஸ்கின் பெர்ரி. கச்சி மேமன் என்ற இன்னொரு முஸ்லிம் வணிகச் சமுதாயத்துக் குடும்பத்தின் வழக்கு ஒன்றும் கூடவே வந்தது. தீர்ப்பு என்ன தெரியுமா? இவர்கள் முஸ்லிம்கள்தான், ஆனால் வாரிசு விஷயத்தில் இவர்களுடைய பழைய வழக்கம்தான் செல்லும். மகளுக்குப் பங்கு கிடையாது. குர்ஆன் கொடுத்ததை கோர்ட் பறித்தது, அம்மா! மேமன்களுக்கு அது மாற எத்தனை காலம் பிடித்தது? விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுத்து ஷரீஅத்துக்கு மாறலாம் என்று 1920ல் ஒரு சட்டம். எல்லாருக்கும் அதுதான் என்று 1938ல் இன்னொரு சட்டம். நடுவில் கிடந்த தொண்ணூறு வருஷத்தில் இதைப் பேசிப் பேசித் தேய்த்தவர்கள் அந்தச் சமுதாயத்துக்குள்ளேயே இருந்தவர்கள். சட்டம் எப்போதும் பெண்ணின் பக்கம்தான் நிற்கும் என்று யாரும் இந்த மேடையில் சொல்லாதீர்கள். அது யார் தள்ளுகிறார்களோ அந்தப் பக்கம் சாயும்.

இன்னொன்று. முஸ்லிம் மனைவி நீதிமன்றத்துக்குப் போய் மணவிலக்குக் கேட்கலாம் என்ற சட்டம் 1939ல் வந்தது. வழக்கறிஞர் அம்மா அதைத் தினமும் பயன்படுத்துவார். அது எப்படி வந்தது? ஹனஃபி மத்ஹபில், அதாவது ஹனஃபி மார்க்கச் சட்டப் பிரிவில், கணவன் காணாமல் போனால், அவனுக்குத் தொண்ணூறு வயதாகிற காலம் வரைகூட மனைவி காத்திருக்க வேண்டும் என்ற நிலை. அடிக்கிற கணவனிடமிருந்தும் எளிதில் விடுபட முடியாது. வேறு வழி இல்லாமல் பஞ்சாபில் பெண்கள் மதத்தை விட்டே வெளியேறினார்கள், திருமணம் தானாக ரத்தாகும் என்பதற்காக. இதைப் பார்த்துப் பதறியவர் தேவ்பந்த் மதரஸா வழிவந்த ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், தானா பவன் ஊர்க்காரர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி. பெண்களைத் திட்டி ஒரு ஃபத்வா எழுதிவிட்டு அவர் படுத்துத் தூங்கியிருக்கலாம். செய்யவில்லை. மாலிகி மத்ஹபில் வழி இருக்கிறதா என்று அந்த ஆலிம்களுக்கு எழுதிக் கேட்டு, நான்கு வருஷம் காத்திருந்தால் போதும் என்பதை எடுத்து, 1930களின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். ஜம்இய்யத்துல் உலமா என்ற ஆலிம்கள் அமைப்பு அதைக் கையில் எடுத்தது. 1936ல் சட்டசபை உறுப்பினர் காஸ்மி அதை மசோதாவாகக் கொண்டுவந்தார். 1939ல் சட்டம். அந்த "நான்கு வருஷம்" இன்றும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் முதல் காரணமாக நிற்கிறது. எழுதியது சட்டசபைதான், சரி. எழுத வைத்தது யார்?

போகட்டும், வடக்கத்திக் கதை. இனி நம் வீட்டுக்குள் வருகிறேன்.

என் உம்மா மேலப்பாளையத்தில் பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளைப் பரப்பி உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவார். பேசிக்கொண்டே இருப்பார், விரல் நிற்காது. அந்தக் கூலியில் பாதி அடுப்புக்கு, பாதி என் ராத்தாவின், அதாவது அக்காவின், கைக்கூலிக்கு. வரதட்சணைக்கு எங்கள் பக்கத்தில் கைக்கூலி என்றுதான் பெயர். ரொக்கம், நகை, பிறகு நோன்புக்குச் சீர், பெருநாளைக்குச் சீர், பிள்ளை பிறந்தால் சீர். இப்போது சட்டத்துக்கு வாருங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ராத்தாவுக்குப் பேசி முடித்தபோது அந்தச் சட்டத்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பேச்சில் ஜமாஅத்தார், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தார், இருந்தார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். சட்டம் என்ற பேச்சை ஒருவர் எடுக்கவில்லை. நிக்காஹ் தஃப்தரில், அதாவது திருமணப் பதிவேட்டில், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் நூற்றியொரு ரூபாய் என்று எழுதினார்கள். அதையும் "பிறகு" என்று எழுதினார்கள். ராத்தாவுக்குப் பேரன் வந்துவிட்டான், அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை!

இந்த இடத்தில்தான் இயக்கம் வந்தது. 1980களிலும் 90களிலும் தவ்ஹீத், அதாவது ஓரிறைக் கொள்கை, பேசிய இளைஞர்கள் தெருமுனையில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஒரு டியூப் லைட்டைக் கட்டி, "பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுங்கள்" என்ற குர்ஆன் வசனத்தைத் தமிழில் படித்தார்கள். அரபியில் ஆயிரம் தடவை ஓதிய வசனம்தான். பொருள் தெரிந்ததும் தெருவே திகைத்தது. தமிழில் படிக்க முடிந்ததே இன்னொரு தலைமுறையின் உழைப்பு. நாச்சியார்கோயில் தாவூத் ஷா அரசாங்க வேலையை உதறிவிட்டு "தாருல் இஸ்லாம்" பத்திரிகை நடத்தினார், குத்பா என்ற வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு தமிழில் வேண்டும் என்றார், அதற்காக வசையும் வாங்கினார். அப்துல் ஹமீது பாகவி குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்தார். அவர்கள் போட்ட பாதையில் இந்த இளைஞர்கள் நடந்தார்கள். 2004ல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் தொடங்கியபோது இந்தப் பேச்சு ஊர் ஊராகப் போயிருந்தது.

பேசியதோடு விட்டார்களா? "கைக்கூலி வாங்குகிற கல்யாணத்துக்கு வரமாட்டோம், விருந்திலும் உட்காரமாட்டோம்" என்றார்கள். நடுவர் அவர்களே, இதன் கனம் உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் ஜெயிலுக்குப் பயப்படாமல் இருக்கலாம். பந்தியில் இலை காலியாகக் கிடந்தால் பயப்படுவார்கள். தாய்மாமன் வரவில்லை, தோழன் வரவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாரிடம் போய் முகத்தைக் காட்டுவார்?

என் காக்கா, அதாவது அண்ணன், தன் கல்யாணத்தில் ஒரு பைசா வாங்கமாட்டேன் என்றபோது வீட்டில் நடந்த சண்டையை மறக்க முடியாது. வாப்பா கேட்டார், "மூத்தவளுக்கு நான் கொடுத்ததை எங்கேடா போய் எடுப்பேன்?" கெட்ட மனுஷன் இல்லை அவர். கடன்காரர். மகளுக்குக் கொடுத்ததை மகன் கல்யாணத்தில் எடுப்பதுதான் கைக்கூலியின் கணக்கு. எந்தச் சட்டப் பிரிவும் அந்தக் கணக்கை உடைக்கவில்லை. "நஷ்டம் என்னோடு முடியட்டும் வாப்பா" என்று வீட்டுக்குள் நின்று சொல்ல ஒரு மகன் வேண்டியிருந்தது. அவனை அப்படிச் சொல்லவைத்தது தெருமுனைக் கூட்டம். பள்ளிவாசலில் நிக்காஹ், பேரீச்சம்பழம், தேநீர். மஹராக வளையலை எல்லார் முன்னாலும் எடுத்துக் கொடுத்தான். தஃப்தரில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதினார்கள். மதினி இன்றும் அந்த வளையலைக் கழற்றுவதில்லை.

கைக்கூலி ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். ஒழியவில்லை. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குப் போடுவதைப் போடுங்கள்" என்று நாசூக்காகக் கேட்கிறார்கள். ஆனால் அன்று மைக்கில் சொன்னதை இன்று காதோடு சொல்ல வேண்டியிருக்கிறதே!

இப்போது முத்தலாக். 2017 ஆகஸ்ட் 22, ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம் நிற்க, ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாது என்று தீர்ப்பு. அருமை. ஆனால் 1966 ஏப்ரல் 18 அன்று இதே மும்பையில் மராத்தி எழுத்தாளர் ஹமீத் தல்வாய் திரட்டிய ஏழு முஸ்லிம் பெண்கள் இதே கோரிக்கையோடு சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஏழே பேர். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். தல்வாய் கேட்டதும் சட்டத்தைத்தானே என்பார் வழக்கறிஞர் அம்மா. ஆமாம், கேட்டார், கிடைக்கவில்லை. கேட்டுக் களைத்தவர் 1970ல் புனேயில் முஸ்லிம் சத்யசோதக் மண்டல் என்று ஓர் இயக்கத்தைத்தான் தொடங்கினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, இந்த அரங்கில் பலர் ஏற்கமாட்டீர்கள். அந்த ஊர்வலத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே 51 வருஷம் இருப்பதை மட்டும் பாருங்கள். அத்தனை வருஷமும் சட்டப் புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. 2002லேயே ஷமீம் ஆரா வழக்கில், காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாராவியில் யாருக்காவது அது தெரிந்ததா? சட்டம் ரேஷன் கார்டு மாதிரி. கையில் இருந்தால் மட்டும் அரிசி வீட்டுக்கு வராது. வரிசையில் போய் நிற்க ஆள் வேண்டும்.

ஹாஜி அலியிலும் வரிசையில் நின்றது யார்? 2014ல் மனுப் போட்டவர்கள் பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பெண்கள். 2007ல் தொடங்கிய அவர்களுடைய இயக்கம் இல்லாமல் 2016 ஆகஸ்ட் தீர்ப்பு வானத்திலிருந்தா விழுந்திருக்கும்? கோர்ட் கதவைத் தட்டியதோடும் அவர்கள் நிற்கவில்லை. நிக்காஹ் நடத்திவைக்கும் காஜிகளாகப் பெண்களையே பயிற்றுவித்தார்கள்.

தெருவுக்கு இரண்டு பள்ளிவாசல் என்ற குற்றச்சாட்டு. உண்மை. பிறை பார்ப்பதில் சண்டை போட்டு ஒரே வீட்டில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடுகிறோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், இரண்டு நாள் பிரியாணி. பெரியவர்களுக்கு அது சிரிப்பு இல்லை. தர்காவுக்குப் போகிற பெரியம்மாவிடம் சலாம் சொல்லாத பையனை நான் பார்த்திருக்கிறேன், வெட்கமாக இருந்தது. மௌலித் என்ற நபி புகழ்ப் பாடல் ஓதிய வாயை முறைக்கிறவனுக்குச் சீர்திருத்தவாதி என்ற பட்டம் எதற்கு? இந்தக் கணக்கை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், நான் மறுக்கமாட்டேன். ஆனால் தலைப்பு யார் நல்லவர் என்பதல்ல, மாற்றத்தைக் கொண்டுவந்தது யார் என்பது. சண்டை வருகிற வீட்டில்தான், நடுவர் அவர்களே, யாரோ எதையோ மாற்ற முயல்கிறார்கள்.

கடைசியாக 2019 சட்டம். முத்தலாக் சொன்னால் மூன்று வருஷம் வரை சிறை. இப்போது புத்திசாலிக் கணவன் என்ன செய்கிறான்? தலாக்கே சொல்வதில்லை. ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், போனையும் மாற்றிவிடுகிறான். எந்தப் பிரிவில் அவனைப் பிடிப்பீர்கள் என்று அந்தப் பெண் கேட்டால், ஜீவனாம்ச வழக்குப் போட்டுக் காத்திரு என்பீர்கள். அதுவரை அவளுக்கு அரிசி? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா பெண்களுக்கென்றே ஜமாஅத் அமைத்து இப்படிப்பட்ட மனுக்களைத்தான் வாங்கினார். ஆண்கள் மட்டும் கூடும் ஜமாஅத்தில் தன் வழக்கைத் தானே சொல்ல முடியாத பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து வாய்விட்டுப் பேசினார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். 1961 சட்டத்துக்குப் பயந்து கைக்கூலியைத் திருப்பிக் கொடுத்த ஒரு மாப்பிள்ளையைச் சொல்லுங்கள் தம்பி. பெயர் வேண்டாம், தெரு போதும். இயக்கத்துப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களின் தெருக்களை நான் சொல்கிறேன், நடுவர் இன்னும் ஐந்து நிமிஷம் கொடுத்தால்.