நடக்கிறவருக்கு முதலிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியாவில், பொந்தவேத்ரா என்றொரு ஊர். மக்கள்தொகை 80,000-ஐக் கொஞ்சம் தாண்டும். 1999-இல் அங்கே மிகேல் ஆன்ஷோ ஃபெர்னாண்டஸ் லோரஸ் மேயரானார். தொழிலால் மருத்துவர். 2023 தேர்தலுக்குப் பிறகும் அவரே மேயராகத் தொடர்ந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்றுதான்: தெருவில் நடக்கிறவருக்கு முதலிடம், மற்றவரெல்லாம் அப்புறம்.

அவர் வருமுன் அந்தப் பழைய நகரம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹாரன், புகை, இண்டு இடுக்கெல்லாம் நிற்கிற கார்கள். பதவிக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மூன்று லட்சம் சதுர மீட்டர் பரப்புள்ள மையப் பகுதியை நடப்பவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வண்டி வராவிட்டால் வியாபாரம் என்னாவது என்ற பயம், நியாயமான பயம்தான்.

லோரஸின் வாதம் எளிமையானது. கார் உங்கள் சொந்தச் சொத்து, தெரு எல்லோருடைய சொத்து. உங்கள் சொத்தை நிறுத்தி வைக்க ஊர் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? இன்னொன்றையும் கவனித்தார்கள். மையத்தில் சுற்றிய கார்களில் பல, நிறுத்த இடம் தேடியே சுற்றின. தெருவோர நிறுத்தங்களை எடுத்ததும் அந்தச் சுற்றல் நின்றது. ஊரின் ஓரத்தில் இலவச நிறுத்தங்கள் வந்தன. அங்கே விட்டுவிட்டு நடந்து வரலாம். ஆம்புலன்சுக்குத் தடை இல்லை, சரக்கு இறக்கும் வேனுக்கும் இல்லை. முழுத் தடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்கிறவருக்கு முதலிடம், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். 2011-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பெயர் மெட்ரோமினுதோ. பார்த்தால் மெட்ரோ ரயில் வரைபடம்: வண்ண வண்ணக் கோடுகள், நிலையங்கள். ஆனால் அந்த ஊரில் மெட்ரோ ரயிலே கிடையாது! கோடுகள் எல்லாம் நடக்கும் வழிகள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். நமக்குப் பழக்கமானதுதானே இது? பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் மீட்டரில் சொல்வதில்லை; "அஞ்சு நிமிஷ நடை" என்போம். பத்து நிமிடம்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் கார் சாவியைத் தேட மனம் வராது. செலவு என்ன? காகிதமும் அச்சும்தான். பாலம் கட்டுகிற காசில் எத்தனை ஊருக்கு இதை அடிக்கலாம்! மற்ற ஐரோப்பிய நகரங்கள் சிலவும் இதைப் பார்த்துத் தங்களுக்கு வரைந்துகொண்டன.

பலன்? பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கு நடக்கிறார்கள். மையத்தில் குடியேறியவர்கள் பெருகினார்கள். 2014-இல், வாழும் சூழலை மேம்படுத்தும் முயற்சிகளுக்காக ஐ.நா.வின் வாழ்விட அமைப்போடு சேர்ந்து துபாய் கொடுக்கும் விருதும் கிடைத்தது.

மிதிவண்டியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. ஒரு வரியில்: நகருக்குள் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள், பல இடங்களில் அதற்கும் கீழே. அந்த வேகத்தில் மிதிவண்டிக்காரர் தனித்தடத்துக்குக் காத்திராமல் தெருவிலேயே ஓட்டிப் போகலாம். அங்கேயும் முதலில் வழி நடக்கிறவருக்குத்தான். வணக்கம்.