கடலோரப் பிள்ளைகள் கல்லூரிக்கு வர: மாணவத் தன்னார்வலர்களின் வேலை என்ன?

(காட்சி: மண்டபம் கரையில் வரிசையாகக் கட்டப்பட்டுள்ள விசைப்படகுகள்)

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது. பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வருவது இந்தத் தடைக்காலத்தின் நடுவில், மே மாதத்தில்தான். மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் வருமானம் நின்றிருக்கும் அந்த வேளையில் சேர்க்கைக் கட்டணம், விடுதி, பேருந்துச் செலவு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் இருந்தும் கல்லூரிக்கு வராத பிள்ளையைப் படிப்பில் ஆர்வமில்லாதவர் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது.

ஆகவே, எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் தன்னிடம் படிக்க வேண்டும் என்று விரும்பும் கல்லூரி, மே மாதத்தில் பதாகை கட்டுவதைவிட, தன்னிடம் படிக்கும் கடலோர மாணவர்களைப் பொங்கல் விடுமுறையிலேயே அவரவர் ஊரில் வீடு வீடாகப் பேசச் சொல்வது நல்லது.

(காட்சி: மாலை நேரம், ஒரு வீட்டு வாசல்)

கடற்பாசி எடுத்துத் திரும்பிய தாய், விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே, "ஏத்தா, பிள்ளைய அங்க விட்டா யாரு பாத்துக்கிருவா?" என்று கேட்கிறார். கல்லூரியின் கையேட்டில் இதற்குப் பதில் இராது. "நான் அந்த விடுதியிலதான் இருக்கேன் அத்தை, வார்டன்கிட்ட இப்பவே பேசுறீங்களா?" என்று பக்கத்துத் தெரு மாணவி கைப்பேசியை நீட்டினால்தான் பேச்சு மேலே நகரும்.

அடுத்த வேலை சான்றிதழ்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களோடு, தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க உதவ வேண்டும். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் வேறுபட்டிருந்தால் அதைத் திருத்தவும் அவகாசம் தேவை.

அரசுத் திட்டங்களை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகே வரும், சேர்க்கைக் கட்டணத்துக்கு உதவாது. இதை மறைத்தால் அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். இடம் நிச்சயம் என்றும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சேவை என்ற பெயரில் செலவையும் மாணவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. சாயல்குடிக்கோ தொண்டிக்கோ போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் கல்லூரியே ஏற்க வேண்டும்.