பூனைச் சாப்பாட்டுப் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம். மட்டக்களப்பில் பூனை வந்து போகாத வளவு ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ஆகவே முன்னுரை எதுவும் இல்லாமல் நேரடியாகவே தொடங்குகிறேன். மிருக வைத்தியராக இருப்பதால் இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “டொக்டர், தானியம் இல்லாத பூனைச் சாப்பாடு கடைக்கு வந்திருக்கு, விலைதான் கூட, வாங்கலாமா?”

வீட்டில் அப்படி ஒரு பைக்கற் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் மீன் படமும் கோழிப் படமும் போட்டிருப்பார்கள், அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள்.

அதற்கு முன் பூனையைப் பற்றிக் கொஞ்சம். நாய் நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி. பூனை அப்படிப் பழகவே இல்லை, அது முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. அதன் எச்சிலில் மாப்பொருளைச் செரிக்கும் நொதியம் கிடையாது, இனிப்பைச் சுவைக்கும் மரபணுவும் பழுதாகிப் போய்விட்டது, கரட்டில் இருக்கும் சத்தை விற்றமின் ஏ ஆக மாற்றவும் அதற்குத் தெரியாது. வெளியே வேட்டையாடித் தின்னும் பூனைகள் எதை உண்கின்றன என்று ஆராய்ந்தவர்கள், அவற்றுக்குக் கிடைக்கும் சக்தியில் மாப்பொருளின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான் என்று கண்டார்கள். மிச்சம் முழுவதும் புரதமும் கொழுப்பும்.

இதைக் கேட்டதும் அரிசியும் சோளமும் பூனைக்கு நஞ்சு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நன்றாக வெந்த மாப்பொருளைப் பூனை ஓரளவு செரித்துக்கொள்ளும். என் கவலை வேறு: இறைச்சி இருக்க வேண்டிய இடத்தை மா வந்து பிடித்துக்கொள்கிறது, அதுவும் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும், காயடித்த, எடை கூடிய பூனைகளுக்கு. நீரிழிவு வந்த பூனைக்கு நாங்கள் மாவைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டத்தான் சொல்கிறோம்.

சரி, தானியம் இல்லாத பைக்கற்றுக்கு வருவோம். உலர்ந்த உருண்டைத் தீனியை முறுக்குப் பிழிவதுபோலத்தான் செய்கிறார்கள், குழைத்த கலவையைச் சூட்டோடும் அழுத்தத்தோடும் அச்சு வழியாகத் தள்ளி வெட்டுகிறார்கள். அது உதிராமல் பொரிந்து உருண்டையாக நிற்க மா வேண்டும், வெறும் இறைச்சியை வைத்து அதைச் செய்ய முடியாது. அப்போ அரிசியையும் கோதுமையையும் சோளத்தையும் எடுத்தால் அந்த இடத்துக்கு எது வரும்? உருளைக்கிழங்கு, மரவள்ளி மா, பட்டாணி, பருப்பு. பைக்கற்றில் எழுதியது பொய் இல்லை, தானியம் இல்லைதான், ஆனால் மா அப்படியே இருக்கிறது, சிலவற்றில் முன்பைவிடக் கூடவும் இருக்கிறது. பட்டாணியும் பருப்பும் அதிகம் சேர்த்த இந்த வகைத் தீனிகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது. பெரும்பாலும் நாய்களைப் பற்றித்தான், சில பூனைகளும் அதில் இருந்தன, உறுதியான முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் தானியத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே போதும்.

எனவே கணக்கை நீங்களே போடுங்கள். பல பைக்கற்றுகளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஐந்து எண்கள் இருக்கும்: புரோட்டீன், ஃபற், ஃபைபர், மொயிஸ்சர், அஷ். கடைசியாகச் சொன்னது தாதுப்பொருள்தான், சாம்பலை அள்ளிக் கொட்டவில்லை, பயப்பட வேண்டாம். மாப்பொருள் எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதமாட்டார்கள். இந்த ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழியுங்கள், மிஞ்சுவது ஏறக்குறைய மாப்பொருள். உதாரணமாக, உலர் தீனி ஒன்றில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 3, ஈரம் 10, தாது 8 என்று இருந்தால் கூட்டினால் 61, மிச்சம் 39. நூறு கிராமில் 39 கிராம் மா! ரின்னில் அல்லது சின்னப் பையில் வரும் ஈரத் தீனி ஒன்றில் புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, தாது 2 என்று இருந்தால் மிச்சம் 2தான். புரதம் 10 என்றதும் குறைவு என்று வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரை நீக்கிப் பார்த்தால் பாதி புரதம், பத்தில் ஒரு பங்குதான் மா. அதில் சாஸ் கெட்டியாக இருந்தால் மட்டும் கவனம், அதைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் மாதான்.

சேர்மானப் பட்டியலையும் பாருங்கள், எடை கூடியது முதலில் வரும். சோளம், சோளப் புரதம், அரிசி, அரிசித் தவிடு என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தால் அவற்றை மனதுக்குள் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள், முதலாவதாக நிற்கும் கோழி பின்னுக்குப் போய்விடும். மூட்டையைத் திறந்து நிறுத்து விற்கும் தீனியை நான் வாங்கச் சொல்வதில்லை. என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை, நம் வெக்கைக்கு அதிலுள்ள கொழுப்பும் காறிப்போகும்.

ஈரத் தீனி விலை கூடியது, எல்லோராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். நம் ஊரில் மீன் இருக்கிறது, ஆனால் நம் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது ஒரு கோப்பை சோறு, மேலே மீன் குழம்பு, ஓரத்தில் ஒரு மீன் தலை. குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன, இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையாக்கும். பச்சை மீனும் தினமும் வேண்டாம், நெத்தலி, சூடை போன்ற சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். உப்பு, புளி, தூள் எதுவும் போடாமல் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, முள்ளை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள். டோரின் என்ற சத்து தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயமும் பலவீனமாகும், அரிசியிலோ கிழங்கிலோ அது இல்லை. சோறு சேர்த்தே ஆக வேண்டும் என்றால் மீன் கூடவும் சோறு ஒரு பிடியாகவும் இருக்கட்டும். கோழி இறைச்சியும் இடைக்கிடை கொடுங்கள், ஈரல் கிழமைக்கு ஒருமுறை சின்னத் துண்டு போதும். ஆனால் மீனையும் இறைச்சியையும் மட்டும் வைத்து வளர்க்க முடியாது, கல்சியம் போதாது, குட்டிகளின் எலும்பு வளைந்துவிடும். அதனால் முழுச்சத்து என்று எழுதப்பட்ட தீனி ஒன்றை அடிப்படையாக வைத்து, மேலே இதைக் கொடுப்பதுதான் நம் கைக்கு எட்டும் வழி.

எதை மாற்றினாலும் ஒரு கிழமை எடுத்துப் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள், குறிப்பாகக் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

உலர் தீனி மட்டும் தின்னும் கடுவன் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பூனைக்குத் தாகம் குறைவு, அதன் மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை, இரையில் இருக்கும் தண்ணீரையே நம்பி வாழ்ந்தது. உலர் தீனியில் அந்தத் தண்ணீர் இல்லை, அதனால் வளவில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், தீனியிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள். கடுவன் அடிக்கடி குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.