சாவி யார் கையில்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் வியாசர்பாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இளைஞர் வளர்ச்சியில் ஊர்மக்களின் பங்கு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு தெரு, அந்தத் தெருவில் ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு சாவி. அதை வைத்தே பேசிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நேரம் காட்டியது மில் சங்குதான். பி அண்ட் சி துணி மில் என்றால் வடசென்னையில் தெரியாதவர் கிடையாது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். சங்கத் தலைவர்கள் செல்வபதி செட்டியார், வாடியா, திரு.வி.க. எல்லோரும் நின்று பேசிய மண் அது. 1996இல் மில்லை மூடினார்கள். அப்பாவுக்கு அப்புறம் பிள்ளைக்கு ஒரு வேலை என்று இருந்த நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. எட்டாவதோ பத்தாவதோ படித்த பையன் சாயங்காலம் எங்கே போவான்? வீடு பத்துக்குப் பத்து. உள்ளே பாட்டி படுத்திருப்பார், தங்கை படித்துக்கொண்டிருப்பாள். அவன் தெருமுனையில்தான் நிற்பான். நின்றால், "அந்த ஏரியா பையன்கள் அப்படித்தான்" என்று ஊர் பேசும். நிற்பதற்கு வேறு இடம் கொடுத்தோமா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே நான் கேரம் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கேரம் என்றால் பொழுதுபோக்கு, வெட்டி வேலை என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான். காய் ஓடுகிற பரப்பு 74 சென்டிமீட்டர்தான், நாலு பக்கமும். கிரிக்கெட் ஆட மைதானம் வேண்டும், ஃபுட்பாலுக்குத் திடல் வேண்டும். கேரமுக்கு ஒரு பலகை, மேலே தொங்குகிற ஒரு பல்பு, கொஞ்சம் பவுடர் போதும். மழை பெய்தாலும் ஆடலாம், வெயில் அடித்தாலும் ஆடலாம். சந்துக்குள் வாழ்கிறவர்களுக்கு என்றே செய்த விளையாட்டு மாதிரி இருக்கும்.

இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். 1996இல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். எங்கள் வியாசர்பாடி இளவழகி, மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள், 2008இல் பிரான்ஸ் போய் உலக சாம்பியனாகத் திரும்பி வந்தார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். மூன்று பேரும் சென்னை. தற்செயலாக நடந்ததா இது? நூற்றுக்கணக்கான தெருக்களில் ஏதோ ஒரு மன்றத்தில் ஏதோ ஒரு அண்ணன் பல்பைப் போட்டுவைத்து, "வாடா, உட்கார்" என்று சொன்னதால் நடந்தது.

சரி, எங்கள் அறைக்கு வருகிறேன்.

2009இல் ஒரு அமைப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். தெருக்கோடியில் சும்மா கிடந்த ஒரு அறைக்கு வெள்ளையடித்தார்கள். நாலு கேரம் பலகை, ஒரு அலமாரி நிறையப் புத்தகம், வாசலில் பெரிய பேனர். எங்கள் பிள்ளைகள் பறந்துகொண்டு ஓடினார்கள். இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. அறையின் சாவி அவர்களுடைய ஒருங்கிணைப்பாளரிடம் இருந்தது. அவர் தென்சென்னையிலிருந்து வருவார். அவர் வந்தால் அறை திறக்கும், வராவிட்டால் கிடையாது. ஒரு நாள் அவர்களுக்குப் பணம் வருவது நின்றது. அவரும் வரவில்லை. பலகையும் புத்தகமும் உள்ளே. பிள்ளைகள் வெளியே. ஒன்றல்ல, இரண்டல்ல, பதினோரு மாதம்!

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "ரெட் போட்டாங்க டீச்சர், ஃபாலோ போடாம போய்ட்டாங்க." கேரம் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்புக் காயைக் குழியில் போட்டால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகாது. அடுத்து நம் காய் ஒன்றையும் போட வேண்டும். போடாவிட்டால் ரெட் திரும்பப் பலகைக்கே வந்துவிடும். அந்தப் பையனுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அப்புறம் தெருவில் பேசினோம். நாலு பேரை அழைத்துக்கொண்டு போய் அந்த அமைப்பிடமே கேட்டோம். சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. சாவி யாரிடம் இருக்க வேண்டும்? என்னிடம் இருக்கட்டும் என்றார்கள். கட்சிக்காரர் ஒருவர் தன்னிடம் இருக்கட்டும் என்றார். கடைசியில் இட்லிக்கடை அக்காவிடம் கொடுத்தோம். அவருக்குக் கேரம் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பதிலிருந்து ராத்திரி வரைக்கும் தெருமுனையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். கல்லாப்பெட்டி மேல் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டிவைத்தார். இன்றைக்கும் அதே ஆணி.

அந்தச் சாவியால் என்ன நடந்தது என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். நல்ல ஆட்டக்காரன் ஒருவன், பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். நாலைந்து நாளாக அறைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். அக்காதான் சொன்னார்: "காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை டீச்சர். நான் அடுப்பு மூட்டுற நேரத்துக்கு மண்ணடியிலேர்ந்து வர்றான். தோள்பட்டையெல்லாம் மாவு." ராத்திரியில் மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அப்பாவுக்கு வேலையில் கால் அடிபட்டு, இரண்டு மாத வாடகை நின்றுபோயிருந்தது. வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை.

எந்த அதிகாரியின் பதிவேட்டில் இது ஏறும்? விடியற்காலை நாலு மணிக்கு முழித்திருப்பவருக்குத்தான் தெரியும். அன்று மாலையே தெருப் பெண்கள் கூடினார்கள். நடந்துகொண்டிருந்த சீட்டில் அந்த மாதம் எடுக்க வேண்டியவர், "எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம், அவளுக்குக் கொடுங்க" என்று விட்டுக்கொடுத்தார். யாருக்கும் இனாம் இல்லை, கடனும் இல்லை. பையனின் அம்மாவுக்கு வரவேண்டிய சீட்டுதான் முன்னாலேயே வந்தது. பையன் பரீட்சை எழுதினான், ஐ.டி.ஐ. முடித்தான், இப்போது லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டிரைக்கர் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். விரலை எங்கே ஊன்ற வேண்டும், மணிக்கட்டை எங்கே தளர்த்த வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் காட்டுவான்.

திரும்பவும் சொல்கிறேன். பலகை யார் வாங்கிக் கொடுத்தாலும் சரி, சாவி தெருவில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கும். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். படுக்கையில் கிடக்கும் தாத்தா எந்த வீட்டில், சர்க்கரைக்கு ஊசி போடுகிற பாட்டி எந்த மாடியில் என்று எங்கள் அறைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும். மாதாமாதம் வீட்டுக்குப் பத்து ரூபாய் சந்தா வாங்க அவர்கள்தானே வாசல் வாசலாகப் போகிறார்கள்? பால் பாக்கெட்டும் மாத்திரையும் முதலில் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அறையில் இருந்த பலகைகள் ஊறி, உப்பி, பலாச்சுளை மாதிரி பிரிந்துபோயின. பொங்கலுக்குள் புதுப் பலகை வந்துவிட்டது. யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தெருவே வாங்கியது.

இடம் பற்றி இன்னொன்று. 2024 அக்டோபரில் சென்னையில் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த 120 ரூபாயை மறக்காதீர்கள். மூட்டை தூக்கப் போன அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். இளைஞர்களுக்குப் பயிற்சி முகாம், தலைமைப் பண்பு வகுப்பு எல்லாம் நடத்தட்டும், நல்லதுதான். அதற்கு முன்னால் காசில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டும். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று படிக்க ஒரு இடம் திறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். அந்த மாதிரி இடம் எங்கள் ஒவ்வொரு வார்டுக்கும் வேண்டும். அதன் நிர்வாகத்தில் அந்த வார்டு ஆட்களும் இருக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளவழகியும் காசிமாவும் பிறந்த ஊரில் எங்கள் அறைக்கு முதல் மூன்று வருஷம் ஒரு பெண் குழந்தைகூட வரவில்லை. பையன்கள் வாசலில் நின்றால் எப்படி வருவார்கள்? அஞ்சிலிருந்து ஆறரை வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கினோம். அந்த நேரத்தில் இட்லிக்கடை அக்கா தன் அரிவாள்மனையையும் வெங்காயக் கூடையையும் எடுத்துவந்து அறை வாசலிலேயே உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார். இப்போது பதினாலு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல பலகை தேவைப்படுகிறது, தெருவில் சந்தா சேர்ந்துகொண்டிருக்கிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.