கீரைக்காசு யார் முந்தானையில்?

நடுவர் அவர்களே, 'நாட்டுக் காய்கறியால் சிறு விவசாயி வீட்டுப் பெண்ணுக்குக் கூடுவது வருமானமே' என்று எதிரணியினர் கீரைக்காசை முந்தானையில் முடிந்து காட்டினார்கள். கூடுவது வேலைதான் என்பது எங்கள் கட்சி. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம்.

ஒரு சென்ட் சிறுகீரை. 10 கிராம் விதை போதும். மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஓரிடத்தில் குவிந்து நாற்று நோஞ்சானாகிவிடும். பத்து நாளில் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட்டு, 25 நாள் வாக்கில் வேரோடு பிடுங்க வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு முற்றும். முந்தின நாளே பிடுங்கினால் வாடும். ஆகவே முதல் பஸ்ஸுக்கு முன்னால், இருட்டிலேயே கட்டுக் கட்டுகிறாள். இதற்கெல்லாம் கூலி போட்டால் முடிச்சில் என்ன மிஞ்சும், ஐயா?

கத்தரிக்கு வாருங்கள். புழு துளைத்த தண்டின் நுனி வாடித் தொங்கும். அதை வாரம் இருமுறை கிள்ளி அழிக்காவிட்டால் அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள் இறங்கிவிடும்; சந்தையில் அதை யாரும் தொடமாட்டார்கள். குனிந்து கிள்ளுவது அவள். விதைக்காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து கழுவி, மிதக்கும் பொக்கு விதையைத் தள்ளி, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டிப் பானையில் வைப்பதும் அவள். 'விதைச் செலவு: இல்லை' என்று நோட்டில் எழுதுவது மட்டும் வீட்டுக்காரர்!

பீர்க்கன் அதைவிட வேடிக்கை. பூ மலர்வதே சாயங்காலம். பூச்சி வரத்துக் குறைந்த இடத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினால்தான் பிஞ்சு நிற்கும். அடுப்புப் பற்றவைக்கும் நேரமும் அதுதான்.

'சொட்டுநீருக்கு முழு மானியம் இருக்கிறதே' என்றார் எதிரணித் தோழர். உண்மை, தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு. ஆனால் நிலம் யார் பெயரில், அதில் என்ன பயிர் என்று காட்டும் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்களே? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நிலத்தைத் தன் பொறுப்பில் நடத்துவோரில் பெண்கள் 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மகளுக்குப் பங்கு உண்டென்று 1989-லேயே சட்டம் திருத்திய மாநிலம் இது. இருந்தும் பிறந்த வீட்டில் என் பங்கு வேண்டாமென்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாள்; புகுந்த வீட்டிலோ பட்டா மாமனார் பெயரில். அப்புறம் செடிக்குத் தண்ணீர் குடத்தில்தான்.

கொல்லையில் ஒரு சென்ட் இருக்கும்வரை காசு அவள் கையில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரை ஏக்கராகி மண்டிக்கு மூட்டை போகத் தொடங்கினால், களை எடுப்பது அவள், பணம் வாங்குவது அவர். மண்டிச் சீட்டில் பெண் பெயர் இருக்கும் வீடுகள் எதிரணியினர் ஊரில் எத்தனை? எண்ணிவிட்டு வரட்டும்.